மூச்சு விழும் இடம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், வாடகை சைக்கிள் கடையை ஒட்டி இருந்தது பஞ்சாட்சரத்தின் சவுண்ட் சர்வீஸ். கல்யாணமானாலும் கட்சிக் கூட்டமானாலும் சாவானாலும் குழாய் ஸ்பீக்கரும் மைக்கும் அங்கிருந்துதான் போகும். அவருக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் உண்டு. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். "நெல்லு விக்கிற குடும்பத்துல பொறந்து சத்தம் விக்கிறாரு" என்று மனைவி ஆதிலட்சுமி உறவுக்காரர்களிடம் சொல்வாள். அவர் மறுத்ததில்லை.

வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் முன்பலகைகளைச் சாத்திவிட்டு, சந்துப் பக்கக் கதவை மட்டும் திறந்து வைப்பார். யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காத இசைத்தட்டுகள் அப்போதுதான் வெளியே வரும்.

அவற்றைக் கொண்டுவந்தவர் தாண்டவராயன். தனியார் பேருந்துக் கம்பெனியில் டைம் கீப்பர். மெட்ராஸுக்கு ஆபீஸ் வேலையாகப் போகும்போதெல்லாம் பழைய சாமான் சந்தையில் சினிமாப் பாட்டுத் தட்டுகள் வாங்கி வருவார். எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விற்றுவிட்டுப் போன பெட்டி ஒன்று மொத்தமாக மலிவில் கிடைத்தது. திறந்து பார்த்தால் ஒரு சினிமாப் பாட்டும் இல்லை. எல்லாம் ஜாஸ்.

பஞ்சாட்சரம் ஒன்றை எடுத்துப் போட்டார். முடிந்ததும் தாண்டவராயன், "தப்புத் தப்பா வாசிக்கிறானுங்கய்யா" என்றார். பஞ்சாட்சரம் மறுபடி முள்ளை வைத்தார். அதே தப்பு அதே இடத்தில் வந்தது. தட்டில் அப்படித்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூன்றாம் முறை அந்த இடம் வருவதற்குக் காத்திருந்தார். அத்தோடு அவர் மாட்டிக்கொண்டார்.

எல்லப்பன் வந்தது அதற்குப் பிறகு. காலனியைச் சேர்ந்தவர். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். ஒரு ஞாயிறு, சந்து வழியாகப் பேருந்துக்குப் போனவர் நின்றுவிட்டார். பேருந்து போய்விட்டது. தட்டு முடிந்ததும் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"மொதலாளி, அது கிளாரினெட்டுதானே?"

"ஆமாம்பா."

"அந்தாளு வாயில பல்லே இல்ல போலகீது. இல்லாங்காட்டி இப்படிச் சறுக்க முடியாது."

பஞ்சாட்சரம் சிரித்தார். "இரு, இன்னொண்ணு போடறேன்."

எல்லப்பன் கதவுப் படியில் உட்கார்ந்தார். அதுவே அவருடைய இடமாயிற்று. உள்ளே மடக்கு நாற்காலி ஒன்று எப்போதும் காலியாக இருந்தது. உள்ளே வந்து உட்காரும்படி பஞ்சாட்சரம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. டீ வந்தால், தனக்கென்று தனியாக வரும் கிளாஸை எல்லப்பன் எடுத்துக்கொள்வார். பேச்சு மட்டும் படியைத் தாண்டி உள்ளும் வெளியும் போய்வந்தது.

மூவருக்கும் ருசி வேறு. தாண்டவராயனுக்குப் பியானோ. "அதுதான்யா டைமுக்கு வருது, டைமுக்குப் போவுது" என்பார். எல்லப்பனுக்கு ஊதுகிற வாத்தியம் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. பஞ்சாட்சரம் வாத்தியத்தைவிட அது வாசிக்கப்பட்ட அறையைக் கேட்டார். மைக் எங்கே இருந்தது, கூரை எவ்வளவு உயரம், யார் கதவோரம் உட்கார்ந்தார்கள் என்று சொல்லுவார்.

"இன்னாய்யா இது, டிரம்முக்காரன் வூட்டுக்குப் போயிட்டானா?" என்பார் தாண்டவராயன்.

"அங்கதான் கீறான். சும்மா கீறான். அதான் அவன் வேலை" என்பார் பஞ்சாட்சரம்.

"எங்க டெப்போல அந்த வேலை பாக்கறவன் நெறைய பேரு கீறாங்க."

படியிலிருந்து எல்லப்பன் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்க ஒரு பீடி பற்ற வைப்பார்.

அந்தப் பெட்டியில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கரையான் தின்றிருந்ததால் வாசித்தவர் பெயர் தெரியவில்லை. ஒரு பக்கம் கீறல். மறுபக்கம் ஒரே ஒரு கிளாரினெட், மெதுவாக, எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்டது.

"மைக்கை வாய்கிட்ட வச்சுட்டானுங்க. தப்பு" என்றார் பஞ்சாட்சரம்.

"தப்பு இல்ல மொதலாளி" என்றார் எல்லப்பன். "மூச்சு வுழற எடம் தெரிஞ்சிட்டா பாட்டு தானா வந்துடும். எனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே அந்தாளு கேக்க வுட்டுக்கீறான்."

தட்டை அவர் அப்படித்தான் கற்றுக்கொண்டார். சுரத்தை விட்டுவிட்டு மூச்சுகளை மனப்பாடம் செய்தார். ஓர் இடம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. நடுவில் ஒரு நீண்ட வரி. தட்டுக்காரர் ஒரே மூச்சில் கடந்துவிடுவார். எல்லப்பனுக்குப் பாதியில் இன்னொன்று வேண்டியிருந்தது. "பீடி துன்னுட்டுது" என்பார். தாண்டவராயன் அந்த இடம் வரும்போதெல்லாம் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வார்.

ஐயங்கார்குளத்தில் ஒரு சாவு ஊர்வலத்தில் எல்லப்பன் அதை வாசித்தார். பாடை தூக்கியவர்களின் நடை தளர்ந்துபோயிற்று. மேளம் பின்தங்கியது. இன்னா பாட்டுய்யா இது என்று இறந்தவரின் மகன் கேட்டதற்கு, இங்கிலீஷு ஒப்பாரி என்றார். பேண்டு மாஸ்டர் திட்டினார். அடுத்த ஞாயிறு படியில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது எல்லப்பனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பஞ்சாட்சரம் பிறகும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தத் தட்டு எல்லப்பனுடையது. அவர் வராத நாளில் அதைப் போடுவதில்லை.

மார்கழியில், தாமலில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் எல்லப்பன் மழையில் நனைந்தார். நெஞ்சில் சளி கட்டியது. பொங்கலுக்கு முன்பே இறந்துபோனார். கிளாரினெட் பேண்டு மாஸ்டரிடம் திரும்பிப் போனது. சாவு வீட்டுக்குப் பஞ்சாட்சரம் குழாய் கொடுத்தார். காலனித் தெருமுனை வரைக்கும் போய் நின்றார்.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறன்று இரண்டு பேரும் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயன் சொன்னார்:

"செத்தவனுக்குப் புடிச்சதை வச்சுப் படைக்கணும் இல்ல? பீடி, கருவாடு எல்லாம் வூட்டுல வச்சிருப்பாங்க. இதை யாருய்யா வைப்பாங்க?"

படியில் ஒரு வெற்றிலையை வைத்து அதன்மேல் கற்பூரம் கொளுத்தினார்கள். பஞ்சாட்சரம் அந்தத் தட்டைப் போட்டார். இருவரும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்கள். மனசு லேசானது. அடுத்த வாரமும் செய்தார்கள். சில வாரங்களில் வெற்றிலையும் கற்பூரமும் நின்றுவிட்டன. தட்டு நிற்கவில்லை.

சித்திரையில் பஞ்சாட்சரம் ஒன்றைக் கவனித்தார். கிளாரினெட் மங்கிக்கொண்டு வந்தது. வாரம் தவறாமல் போட்டால் தட்டு தேயும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் மூச்சு தேயவில்லை. முன்பைவிடத் தெளிவாக, முன்பைவிட அருகில் இருந்தது. முள்ளை மாற்றிப் பார்த்தார். வேறு ஸ்பீக்கரைப் பூட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிளாரினெட் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மூச்சு கதவுப் பக்கத்திலிருந்து வந்தது.

"தேஞ்ச தட்டுய்யா. கரகரன்னுதான் இருக்கும்" என்றார் தாண்டவராயன்.

"கரகரப்பு வேற."

அடுத்த வாரம் அந்த நீண்ட வரி வந்தது. தட்டுக்காரர் ஒரே மூச்சில் கடக்கும் வரி. கிளாரினெட் இழை அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் பாதியில், அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு மூச்சு விழுந்தது.

தாண்டவராயன் வெளியே யாரோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பயம் வரவில்லை. வந்தது சந்தோஷம். மறுநாள் தனியாகப் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி இருந்தது.

ஆடி பிறந்ததும் எல்லப்பனின் மனைவி சிட்டம்மாள் வந்தாள். தட்டு ஓடி முடியும்வரை சந்தில் நின்றிருக்கிறாள். முள்ளை எடுத்த பிறகுதான் கூப்பிட்டாள்.

"மொதலாளி."

"இன்னாம்மா சிட்டம்மா, வெயில்ல நிக்கற?"

"இந்தத் தட்டை வாராவாரம் போடறீங்களா?"

"ஆமாம். எல்லப்பன் ஞாபகமா."

"அதான் கேக்க வந்தேன். நாயித்துக்கிழமை பொழுது சாய்ஞ்சா வூட்டுக்கு வராரு."

தாண்டவராயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"யாரு?"

"வேற யாரு? வாசிக்கப் போறா மாதிரி மூச்சை இழுக்கறாரு. நல்லா நெஞ்சு நெறைய இழுக்கறாரு. அப்புறம் ஒண்ணும் இல்ல. வுடறதே இல்ல. நாங்க எப்ப வுடுவாரு எப்ப வுடுவாருன்னு குந்திக்கினு இருக்கறோம். மொதல்ல எனக்குத்தான் கேட்டுது. இப்ப மலர்க்கொடிக்கும் கேக்குது."

மலர்க்கொடி அவர்களுடைய ஒரே மகள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"மாசமா கீற பொண்ணு. அவரு இழுக்கும்போது அவளும் சேந்து இழுக்கறா. தன்னை மறந்து புடிச்சிக்கினு இருக்கறா. மூஞ்சி நீலமாப் பூடுது. தட்டி வுட்டாத்தான் வுடறா. வவுத்துல கீற புள்ளைக்கு இன்னா ஆவறது?"

பஞ்சாட்சரம் சுழன்றுகொண்டிருந்த தட்டை நிறுத்தினார்.

"நிறுத்திடறோம்மா" என்றார் தாண்டவராயன். "இனிமே போடலை. ஓயட்டும்."

"நிறுத்தினா ஆவுமா? இத்தினி மாசமா எலையைப் போட்டுப் போட்டு எடுத்துக்கினு கீறீங்க. படையல் போட்டா இன்னா செய்யணும்? வெளிய வந்து கதவைச் சாத்தணும். அவங்க துன்னணும். அப்புறமா தொறக்கணும். உங்க வூட்டுல அப்படித்தானே செய்வீங்க?"

அப்படித்தான் செய்வார்கள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க அவருக்குன்னு சொல்லி வச்சீங்க. வச்சுட்டு நீங்களே குந்தி துன்னுட்டீங்க. அவரு பசியோட வூட்டுக்கு வராரு."

கொஞ்சம் நிறுத்தி, கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"அதுவும் படில வச்சுக் குடுத்தா யாருக்கு பத்தும்? உள்ள கூப்ட்டுக் குடுக்கணும்."

அடுத்த ஞாயிறு செய்வதென்று முடிவாயிற்று. ஒரு தடவை, கதவைச் சாத்தி, அவருக்கு மட்டும். பிறகு தட்டைத் தொடக்கூடாது.

அந்த வாரம் முழுவதும் பஞ்சாட்சரம் கடையில் சரியாகப் பேசவில்லை. ஒரு கட்சிக் கூட்டத்துக்கு மைக் இல்லாமல் குழாயை மட்டும் அனுப்பிவிட்டு வசவு வாங்கினார். மலர்க்கொடியை நினைத்தால் செய்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அதன் பிறகு அந்த மூச்சு இருக்காது. அந்தப் படியும், ஞாயிற்றுக்கிழமையும், வெறும் படியாகவும் வெறும் ஞாயிற்றுக்கிழமையாகவும் ஆகிவிடும். கல்யாணக் கச்சேரிகளைப் பதிவு செய்ய அவர் ஒரு கேசட் டேப் ரிக்கார்டர் வாங்கியிருந்தார். சனிக்கிழமை அதில் புதுக் கேசட்டைப் போட்டு, மேஜைக்கு அடியில் வைத்து, மேலே பழைய ஷாமியானாத் துணியைப் போட்டு மூடினார். தாண்டவராயனிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் சிட்டம்மாள் குளித்து ஈரத் தலையோடு வந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வா என்றார் பஞ்சாட்சரம். அவள் வந்து, சுவரோரம் கிடந்த மடக்கு நாற்காலியை விரித்து, தட்டு சுழலும் பெட்டிக்கு எதிரில் போட்டாள். முந்தானையால் துடைத்தாள். மலர்க்கொடிக்குக் காலையிலிருந்து இடுப்பு வலி என்று சொன்னாள்.

"கூப்புடுங்க."

பஞ்சாட்சரம் குனிந்து, துணியைச் சரிசெய்வதுபோல டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். பிறகு வாசலைப் பார்த்து, "எல்லப்பா, உள்ள வா" என்றார்.

அதை அவர் இதற்கு முன் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

முள்ளை வைத்தார். மூவரும் வெளியே வந்தார்கள். சிட்டம்மாள் கதவை இழுத்துத் தாழ் போட்டாள்.

சந்தில் வெயில் வெள்ளையாக இருந்தது. சைக்கிள் கடை வாசலில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். பலகைக் கதவுதான், உள்ளே ஒருவர் தும்மினாலும் வெளியே கேட்கும். ஒரு சத்தமும் இல்லை.

"முள்ளு வச்சியாய்யா?" என்றார் தாண்டவராயன் மெதுவாக.

"வச்சேன்."

"சவுண்டு?"

"எப்பவும் வைக்கிற சவுண்டுதான்."

தாண்டவராயன் கதவைவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆடு அசைபோடுவதை நிறுத்திக் கதவைப் பார்த்தது. காஞ்சிபுரம் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு புறப்பட்டுப் போனது. அதற்குப் பிறகும் சிட்டம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. முள் கடைசி வளையத்தில் இருந்தது. அறைக்குள் பீடி வாசனை எதுவும் இல்லை. நாற்காலி அவள் போட்ட இடத்தில் இல்லை. பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. சிட்டம்மாள் நாற்காலியின் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"துன்னுட்டாரு" என்றாள். குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள். "இப்ப போன்னு சொல்லுங்க. போயிட்டு வான்னு சொல்லிடாதீங்க. போ. அவ்ளோதான்."

"நீயே சொல்லும்மா."

"நான் கூப்புடலியே. கூப்ட்டவங்கதான் சொல்லணும்."

பஞ்சாட்சரம் நாற்காலியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. சிட்டம்மாள் கைகூப்பினாள். "சரி" என்றாள். வேகமாக வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

தாண்டவராயனும் போன பிறகு பஞ்சாட்சரம் கேசட்டைத் திருப்பி ஓட்டிக் கேட்டார்.

முதலில் துணி உரசும் சத்தம். பிறகு அவருடைய குரல்: எல்லப்பா, உள்ள வா. முள் தட்டில் விழும் 'டக்'. காலடிகள். தாழ். அதற்குப் பிறகு தட்டின் பாட்டு வர வேண்டும். வரவில்லை. டேப் வெறுமனே ஓடவில்லை, எல்லாவற்றையும் பிடித்திருந்தது. வெளியே தாண்டவராயன், முள்ளு வச்சியாய்யா என்று கேட்பது மெல்லிசாகக் கேட்டது. பேருந்து ஹாரன் கேட்டது. கிளாரினெட் இருக்க வேண்டிய நேரம் முழுவதும் சுத்தமாகத் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு சுரம், ஒரு கரகரப்புகூட மிச்சமில்லை. பிறகு கதவில் மூன்று தட்டல். துன்னுட்டாரு.

அவர் விடாமல் கேட்டார். போ. அவ்ளோதான். நீயே சொல்லும்மா. கூப்ட்டவங்கதான் சொல்லணும்.

அதற்குப் பிறகு அவருடைய குரல் இல்லை. காதை ஸ்பீக்கரோடு வைத்துக் கேட்டும் இல்லை. உதட்டை அசைத்தோமே தவிர சொல்லவில்லை என்று அவருக்கு முன்பே தெரியும். சிட்டம்மாளின் 'சரி' மட்டும் இருந்தது.

விடிந்ததும் மலர்க்கொடிக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. தீட்டுக் கழிக்கும் புண்ணியதானம் முடிந்த பிறகு சிட்டம்மாள் வெற்றிலைப் பாக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்தாள். இந்த முறை கேட்காமலே உள்ளே வந்தாள்.

"புள்ள இன்னா கத்து கத்துது தெரியுமா. தெருவே பேஜாராவுது. வூட்டுல அந்தச் சத்தம் நின்னுபோச்சு மொதலாளி. மலரு நல்லா தூங்கறா. உங்க புண்ணியம்."

"அப்படியா" என்றார் பஞ்சாட்சரம். "நல்லதும்மா." அவள் போகும்வரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

பெயர் தெரியாத அந்தத் தட்டை அவர் பிறகு போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் தொடர்ந்தன. தாண்டவராயன் தனக்குப் பிடித்த பியானோத் தட்டுகளைப் போடச் சொல்லுவார். வாதாட ஆள் குறைந்துபோனதால் அவரே இரண்டு கட்சியும் பேசுவார்.

ஆவணியில் ஒரு மதியம். பியானோவும் டிரம்மும் மட்டும் உள்ள தட்டு அது. நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஓய்ந்து ஒரு கணம் இடைவெளி விழும். அந்த இடத்தில் தாண்டவராயனுக்குப் பக்கத்தில் யாரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

பஞ்சாட்சரம்தான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. விரல்கள் மடிமேல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன. பியானோ மறுபடி தொடங்கி வெகுதூரம் போய்விட்டது. அவர் இழுத்த மூச்சை விடவில்லை.

"இன்னாய்யா?" என்றார் தாண்டவராயன். "யோவ் பஞ்சு. வுடுய்யா மூச்சை."

பஞ்சாட்சரத்தின் முகம் கருத்துக்கொண்டு வந்தது. கண்கள் நிதானமாக, சந்தோஷமாகக்கூட இருந்தன. தட்டைப் பார்த்தபடியே ஒரு கையை உயர்த்தி, கொஞ்சம் இரு என்று சைகை காட்டினார்.